வீட்டுச் செலவு சர்வே: கேள்விய மாத்தினா பதில் ஏன் மாறுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செலவு சர்வே டேட்டாவோட கொஞ்ச வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன். யார்கிட்ட பேசினாலும் சுத்திச் சுத்தி இதே கேள்விகள்தான் வருது, ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. சிலதுக்கு பதில் நீளம், சிலதுக்கு ரெண்டு வரிதான்.

ஒரு குடும்பம் செலவு பண்ணது பண்ணதுதானே, எப்படிக் கேட்டா என்ன?

நானும் ஆரம்பத்துல இப்படித்தான் நெனச்சேன். சர்வே எடுக்கப் போறவங்களோட ஒரு நாள் கூடப் போய் உக்காந்த அப்புறம்தான் புரிஞ்சுது. "கடந்த 30 நாள்ல சமையல் எண்ணெய்க்கு எவ்வளவு ஆச்சு?"ன்னு கேக்குறாங்க. அந்த வீட்டம்மா ஒரு நிமிஷம் அடுப்பு மேடை பக்கம் பாத்தாங்க, அப்புறம் "மாசத்துக்கு ஒரு டின் ஆகும்"னு சொன்னாங்க. கவனிங்க, கேட்டது கடந்த 30 நாள், பதில் வந்தது வழக்கமா ஒரு மாசத்துக்கு. அந்த மாசம் விருந்தாளி வந்து ரெண்டு டின் ஆகியிருந்தாலும் பதில் ஒண்ணுதான். அடுத்து "கடந்த 7 நாள்ல?"ன்னு கேட்டப்ப அவங்க நெஜமாவே யோசிச்சாங்க, "செவ்வாக்கிழமை வாங்கினேன்... இல்ல அது அதுக்கு முந்தின வாரமா?"ன்னு உள்ள இருந்தவர்கிட்ட கேட்டாங்க, அவரு "போன வாரம்தான்"னு சத்தம் போட்டாரு, எழுதிக்கிட்டாங்க.

ஒரே வீடு, ஒரே எண்ணெய். ஆனா முதல் கேள்விக்கு அவங்க கணக்குப் போட்டாங்க, ரெண்டாவதுக்கு ஞாபகப்படுத்திப் பாத்தாங்க. ரெண்டும் தலைக்குள்ள நடக்குற வேற வேற வேலை, தப்பு வர்ற வழியும் வேற வேற. கேள்வியில இருக்குற ஒரு வார்த்தை எந்த வேலை நடக்கணும்னு முடிவு பண்ணிடுது, அவ்வளவுதான் விஷயம். கீழ இருக்குறதெல்லாம் அதோட விவரம்.

7 நாள், 30 நாள்னு சொல்றீங்களே, அது என்ன கணக்கு?

எவ்வளவு நாள் பின்னாடி போய் ஞாபகப்படுத்தணும்னு கேள்வியில சொல்ற காலம். ஆபீஸ் பாஷையில ரெஃபரன்ஸ் பீரியட், ரீகால் பீரியட்னு சொல்லுவாங்க. நான் ஞாபகக் காலம்னு சொல்றேன்.

காலம் நீள நீள மறதி கூடும், இது யாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா எவ்வளவு வேகமா கூடுதுன்னு பாத்தா தூக்கிவாரிப் போடும். கானாவுல ஸ்காட், அமெனுவெக்பே ரெண்டு பேரும் பண்ண ஆய்வுல, அடிக்கடி வாங்குற பொருட்களுக்கு ஞாபகக் காலத்துல ஒரு நாள் கூட்டினா, சொல்ற செலவு சராசரியா 2.9 சதவீதம் கொறஞ்சுது. ஒரு நாளுக்கு! சின்னச் சின்ன செலவு, வழியில வாங்கிச் சாப்பிட்டது, பேனா, பொட்டலம், இதெல்லாம் தான் முதல்ல காணாமப் போகும். பெரிய செலவு அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

மறதிதான் பிரச்சனைன்னா காலத்த சுருக்கிட்டா முடிஞ்சுதே?

இல்லைங்க. சுருக்கினா இன்னொரு தப்பு உள்ள வருது, அதுக்குப் பேரு டெலஸ்கோப்பிங். தொலைநோக்கில பாத்தா தூரத்துல இருக்குறது பக்கத்துல தெரியும்ல, அது மாதிரி பத்து நாள் முன்னாடி வாங்கினது போன வாரம் வாங்கின மாதிரி தோணும். மேல சொன்ன செவ்வாக்கிழமை கதை அதுதான். 30 நாள்னு கேட்டா இந்த எல்லைத் தப்பு மொத்தத்துல சின்னப் பங்கு, 7 நாள்னு கேட்டா அதே ரெண்டு மூணு நாள் தப்பு பெரிய பங்கு.

இத முதல்ல ஒழுங்கா அளந்து காட்டினது நெட்டர், வாக்ஸ்பெர்க்னு ரெண்டு பேரு. அமெரிக்காவுல வீட்டு ரிப்பேர் செலவ வெச்சு பண்ண ஆய்வு, 1964ல வந்துச்சு. அதுல அழகான விஷயம் என்னன்னா, பெரிய வேலையெல்லாம் காலம் தாண்டி உள்ள இழுத்துட்டு வர்றாங்க, சின்ன வேலையெல்லாம் மறந்துடுறாங்க. அதாவது ஒரே ஆளோட பதில்லயே கூட்டலும் கழித்தலும் சேந்து நடக்குது, மொத்தம் சரியா வந்தாக்கூட அது ரெண்டு தப்பு ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டதுனால இருக்கலாம்.

அவங்க சொன்ன வைத்தியம்: முதல் தடவை போய் ஒரு தரம் கேட்டுக்கோ, அடுத்த தடவை போறப்போ "போன தடவை நான் வந்தப்ப இத இத சொன்னீங்க, அதுக்கு அப்புறம் என்ன?"ன்னு கேளு. எல்லைக் கல்லு நட்ட மாதிரி. அமெரிக்காவோட நுகர்வோர் செலவு சர்வேயில முதல் சந்திப்பு ரொம்ப காலமா இதுக்காகவே இருந்துச்சு, ஆனா இதுக்கு ஆகுற காசு கொஞ்ச நஞ்சமில்ல, 2015ல இருந்து அத நிறுத்திட்டாங்க.

இந்தியாவுல இத வெச்சு பெரிய சண்டையே நடந்துச்சுன்னு சொல்றாங்களே, என்ன அது?

இதுதான் எனக்குப் புடிச்ச கதை, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

1950ல தேசிய மாதிரி ஆய்வு (அரசாங்கம் நாடு முழுக்க வீடு வீடா எடுக்குற சர்வே) ஆரம்பிச்ச காலத்துல புள்ளியியல் நிபுணர் மகலனோபிஸும் அவரோட ஆளுங்களும் ஒரு சோதனை பண்ணாங்க. வாரக் கணக்கு கேட்டா நல்லதா மாசக் கணக்கா, நேர்ல நிறுத்துப் பாத்த அளவோட எது ஒத்துப்போகுதுன்னு. மாசம்தான் ஜெயிச்சுது. வாரக் கணக்கு கூடுதலா காட்டுச்சு. அதுல இருந்து பல வருஷம் எல்லாத்துக்கும் 30 நாள்தான்.

90கள்ல வேற ஒரு பிரச்சனை கிளம்புச்சு. சர்வே காட்டுற நுகர்வுக்கும் தேசிய வருமானக் கணக்கு காட்டுற நுகர்வுக்கும் இடைவெளி கூடிட்டே போகுது, சர்வேதான் கம்மியா காட்டுதுன்னு புகார். சரின்னு 1994ல இருந்து 1998 வரைக்கும் நாலு சுற்றுல ரெண்டு விதமான கேள்வித்தாள் அடிச்சு, எந்த வீட்டுக்கு எதுன்னு குலுக்கல் முறையில பிரிச்சாங்க. ஒண்ணுல எல்லாமே 30 நாள். இன்னொண்ணுல சாப்பாடு, புகையிலைக்கு 7 நாள், துணி, செருப்பு, படிப்பு, பெரிய சாமான் மாதிரிக்கு 365 நாள், மிச்சத்துக்கு 30 நாள்.

ரிசல்ட்: புதுத் தாள்ல சாப்பாட்டுச் செலவு சுமார் 30 சதவீதம் அதிகம், மொத்தச் செலவு சுமார் 17 சதவீதம் அதிகம். 17 தானேன்னு தோணும். ஆனா அந்தக் காலத்துல வறுமைக் கோட்டுக்குப் பக்கத்துலயே கோடிக்கணக்கான பேரு நெருக்கியடிச்சு இருந்தாங்க, அதனால அந்த 17 சதவீதம் ஏழைகளோட விகிதத்த கிட்டத்தட்ட பாதியா ஆக்கிடுச்சு. யார் வாழ்க்கையிலயும் ஒரு பைசா மாறல, தாள்ல இருந்த நாள் எண்ணிக்கைதான் மாறுச்சு, கிட்டத்தட்ட 20 கோடிப் பேரு வறுமையிலிருந்து காணாமப் போனாங்க.

அப்போ 1999-2000 பெரிய சுற்று வருது. எந்தத் தாள எடுக்குறதுன்னு ரெண்டு பக்கமும் இழுபறி, கடைசியில ஒரு சமரசம் பண்ணாங்க: சாப்பாட்டுக்கு 7 நாளுக்கு ஒரு கட்டம், 30 நாளுக்கு ஒரு கட்டம், ஒரே தாள்ல பக்கத்துப் பக்கத்துல. என்னோட அபிப்பிராயம், இத விட மோசமா பண்ணியிருக்கவே முடியாது. ஏன்னா ஒரே மூச்சுல ரெண்டும் கேட்டா, பதில் சொல்றவரும் சரி, எழுதுறவரும் சரி, 7 நாள் கணக்க நாலால பெருக்கிப் பாத்து 30 நாள் கணக்கோட ஒத்துப்போக வெச்சிடுவாங்க. ரெண்டு எண்ணுமே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. 1993-94ல 36 சதவீதமா இருந்த வறுமை 26.1 சதவீதம்னு வந்துச்சு. பொருளாதாரச் சீர்திருத்தம் ஜெயிச்சுதா தோத்துதான்னு ஊரே அடிச்சுக்கிட்ட நேரம், எண்ண நம்பவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல.

ஆங்கஸ் டீட்டன் (2015ல பொருளாதார நோபல் வாங்கினவர்) இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். எரிபொருள் மாதிரி சில செலவுகள ரெண்டு சுற்றுலயும் அதே 30 நாள்னுதான் கேட்டிருந்தாங்க, தாள் மாறினதால அது கெடல. ஒரு குடும்பம் அதுக்கு இவ்வளவு செலவழிச்சா மொத்தச் செலவு ஏறக்குறைய இவ்வளவு இருக்கும்னு பழைய சுற்றுல இருந்து கத்துக்கிட்டு, புதுசுக்குப் பொருத்தினார். வறுமை கொறஞ்சது நிஜம், ஆனா அரசுக் கணக்கு சொன்ன அளவுக்கு இல்லைன்னு வந்துச்சு. மத்தவங்க வேற முறையில போட்டு வேற விடை சொன்னாங்க, அந்த விவாதம் வருஷக் கணக்கா ஓடுச்சு.

அப்போ எது சரி? 7ஆ 30ஆ?

பொருளப் பொறுத்தது. தினம் புழங்குற, சீக்கிரம் கெட்டுப்போற, சில்லறையா வாங்குற சாமானுக்கு 7 நாள் பரவாயில்ல, 30 நாள்னா மறந்துடுவாங்க. மொத்தமா வாங்கி டப்பாவுல கொட்டி வெச்சு மாசம் முழுக்க எடுக்குறதுக்கு 30 நாள்தான் சரிப்படும், 7 நாள்ல எவ்வளவு கரைஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்?

இந்தியாவுல கடைசியா வந்து நின்னதும் இதே மாதிரி கலவைதான், மாடிஃபைட் மிக்ஸட் ரெஃபரன்ஸ் பீரியட், அதாவது திருத்தின கலவை ஞாபகக் காலம், எம்எம்ஆர்பின்னு சுருக்கமா சொல்லுவாங்க. தானியம், பருப்பு, சர்க்கரை, உப்பு இதுக்கெல்லாம் 30 நாள். எண்ணெய், முட்டை, மீன், இறைச்சி, காய்கறி, பழம், மசாலா, பானம், புகையிலை மாதிரிக்கு 7 நாள். துணி, படிப்பு, ஆஸ்பத்திரியில தங்கி பாத்த வைத்தியம், பெரிய சாமான் 365 நாள். 2011-12ல இந்தத் தாளையும் வேற வீடுகள்ல பழைய மாதிரித் தாளையும் ஒரே வருஷத்துல ஓட்டினாங்க. எல்லாமே 30 நாள்னு கணக்குப் போட்டா கிராமத்துல ஆளுக்கு மாசம் சுமார் 1,279 ரூபா, கலவைத் தாள்ல 1,430. நகரத்துல 2,399, 2,630. அதே வருஷம், அதே நாடு.

துணிக்கும் ஃபீஸுக்கும் ஏன் ஒரு வருஷம்? அத்தனை மாசம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மறதி இருக்கும்தான். ஆனா 30 நாள்னு கேட்டா வேற ஒரு விபரீதம். ஃப்ரிட்ஜ் இந்த மாசம் வாங்கின வீடு எத்தனை இருக்கும்? பெரும்பாலான வீட்டுக்கு பூஜ்யம், ஒண்ணு ரெண்டு வீட்டுக்கு மலை மாதிரி ஒரு தொகை. சராசரி மட்டும் வேணும்னா பரவாயில்ல, ஆயிரம் வீட்ட சேத்தா சரியாயிடும். ஏழை யாரு பணக்காரன் யாருன்னு பிரிக்கணும்னா அங்கதான் சிக்கல்: நல்லா வாழுற வீடு, இந்த மாசம் துணி எடுக்கல ஃபீஸ் கட்டலங்கிறதால கீழ போயிடுது.

365 நாள்னு மாத்தினா சராசரி கொஞ்சம் கொறயுது (மறதி), ஆனா பூஜ்யம் எழுதின வீட்டுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எண் வந்து, கீழ்த்தட்டு மேல ஏறுது. சராசரி கீழ, வறுமையும் கீழ, ஏற்றத்தாழ்வும் கீழ. முதல் தடவை இத படிச்சப்ப நான் ரெண்டு தரம் திருப்பிப் படிச்சேன். "சர்வே செலவ கூடக் காட்டுதா கொறச்சுக் காட்டுதா"ன்னு ஒரே கேள்வியா கேக்குறவங்க இந்த எடத்துலதான் வழுக்குவாங்க, ஏன்னா சராசரியில நடக்குறது ஒண்ணு, கீழ்த்தட்டுல நடக்குறது வேற ஒண்ணு.

பட்டியல் நீளமா இருக்கணுமா? "மொத்தமா மாசம் எவ்வளவு ஆகுது?"ன்னு ஒரே கேள்வியா கேட்டா ஆகாதா?

ஆகாது. ஒரே கேள்வியா கேட்டா கம்மியாத்தான் வரும். நெதர்லாந்துல ஒரே ஆளுங்ககிட்ட ரெண்டு விதமா கேட்டப்பவும் அப்படித்தான், ஒத்தைக் கேள்வி பிரிச்சுக் கேட்டத விட கம்மியா காட்டுச்சு. வாடகை, ஃபீஸ், கரண்ட் மாதிரி தலைக்கு மேல நிக்கிறதெல்லாம் ஞாபகம் வரும், சில்லறை வராது.

பட்டியல் என்ன பண்ணுதுன்னா ஒவ்வொரு பேரும் ஒரு தூண்டில். "சோப்பு, ஷாம்பு, பேஸ்ட்"னு வரிசையா படிச்சா ஒண்ணொண்ணா ஞாபகம் வரும், "சுத்தம் சம்பந்தமான பொருள்"னு படிச்சா சோப்பு மட்டும் வரும். எல் சால்வடோர்ல 1994ல ரெண்டு தாள் வெச்சுப் பாத்ததுல, விரிவான பட்டியல் குடுத்தவங்களோட சராசரி நுகர்வு சுருக்கப் பட்டியல் குடுத்தவங்கள விட 31 சதவீதம் அதிகமா வந்துச்சு. பட்டியல சுருக்கி நேரத்த மிச்சம் பண்ணலாம்னு ஐடியா குடுக்குறவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இந்த எண்ணத்தான்.

அதுக்காக நீட்டிக்கிட்டே போனா எதிர்ல இருக்குறவங்க பொறுமை போயிடும். நூறு ஐட்டம் தாண்டினதும் "இல்ல, இல்ல, இல்ல"ன்னு தலையாட்ட ஆரம்பிச்சிடுவாங்க, பட்டியலோட கடைசியில இருக்குற பொருளுக்கு பாவம், நியாயமே கெடைக்காது. இன்னொண்ணு, பட்டியலுக்கும் வயசாகும். இருபது வருஷம் முன்னாடி போட்ட பட்டியல்ல மொபைல் டேட்டா, ஆன்லைன் சந்தா எல்லாம் எங்க இருக்கும்? எல்லாம் "இதர"ங்கிற மூட்டைக்குள்ள போய் முக்கால்வாசி காணாமப் போகும்.

"வழக்கமா ஒரு மாசத்துக்கு"ன்னு கேட்டா என்ன? ஏற்ற இறக்கமெல்லாம் சமமாயிடுமே?

கேக்க நல்லா இருக்கு. நடைமுறையில கஷ்டம். "வழக்கமான மாசம் எத்தனை தடவை வாங்குவீங்க, ஒரு தடவைக்கு எவ்வளவு"ன்னு மனக்கணக்கு போடணும், அதுவும் ஐம்பது அறுபது பொருளுக்கு. தான்சானியாவுல 2007-08ல ஒரு பெரிய சோதனை நடந்துச்சு, சுமார் 4,000 வீடுகள எட்டுப் பிரிவா குலுக்கல்ல பிரிச்சு எட்டு விதமா சாப்பாட்டுச் செலவ கேட்டாங்க: நீளப் பட்டியல், சுருக்கப் பட்டியல், 7 நாள், 14 நாள், வழக்கமான மாசம், வீட்டுக்கே ஒரு டைரி, ஆளாளுக்குத் தனி டைரி. அதுல "வழக்கமான மாசம்" ரொம்ப சுமாராத்தான் வந்துச்சு, போதாததுக்கு பேட்டி நேரமும் கூடுச்சு. ஆளாளுக்குத் தனி டைரிய அளவுகோலா வெச்சுப் பாத்தா, நீளப் பட்டியலோட 7 நாள் கேட்டது ஓரளவு பக்கத்துல வந்துச்சு.

டைரி குடுத்து அன்னன்னைக்கு எழுதச் சொன்னா இந்த ஞாபகப் பிரச்சனையே இல்லையே?

எழுதினா இல்ல. எழுதணுமே! முதல் ரெண்டு நாள் ரொம்ப ஒழுங்கா பில்லோட எழுதுவாங்க, நாலாவது நாள் ராத்திரி படுக்கப் போறப்போ நெனச்சு எழுதுவாங்க, ரெண்டாவது வாரம் டைரிய வாங்க வர்ற அன்னைக்கு காலையில உக்காந்து மொத்தமா எழுதுவாங்க. அது டைரியில எழுதின ஞாபகக் கணக்கு, அவ்வளவுதான். கனடா உட்பட பல நாட்டு டைரிகள்ல ரெண்டாவது வாரம் முதல் வாரத்த விட கம்மியா வர்றத பாத்திருக்காங்க, குடும்பங்கள் எல்லாம் ஒண்ணா சேந்து ரெண்டாவது வாரம் சிக்கனம் புடிச்சிருக்க மாட்டாங்கல்ல.

எழுதப் படிக்கத் தெரியாத வீடுன்னா கணக்கெடுப்பாளர் அடிக்கடி போய் எழுதிக்கணும், அப்போ செலவு எகிறும். பெரும்பாலான நாடுகள் கலந்து அடிக்குது: அமெரிக்காவுல ஒரு பகுதி குடும்பங்கள்கிட்ட மூணு மாசக் கணக்கு பேட்டி, வேற குடும்பங்கள்கிட்ட ரெண்டு வார டைரி. பிரிட்டன்ல பேட்டியும் உண்டு, ரெண்டு வார டைரியும் உண்டு.

வீட்டுல யார்கிட்ட கேக்கணும்?

யாரு வீட்டுல இருக்காங்களோ அவங்ககிட்டதான் கேக்குறாங்க, உண்மை அதுதான். அவங்களுக்கு அடுப்படிச் செலவு அத்துப்படியா இருக்கும். வேலைக்குப் போற பையன் வெளிய என்ன சாப்பிடுறான், பொண்ணு போன்ல என்ன ஆர்டர் பண்ணா, வீட்டுக்காரரு நண்பர்களோட என்ன குடிச்சாரு, இதெல்லாம் தெரிஞ்சாலும் கொறச்சுத்தான் தெரியும். வீட்டுல சம்பாதிக்கிற ஆளு கூடக் கூட இந்த ஓட்டை பெருசாகுது. வெளிய சாப்பிடுறது நாளுக்கு நாள் கூடுற காலத்துல, ஒருத்தர்கிட்ட மட்டும் கேக்குற சர்வே வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கூடுதலா தவறவிடும், தாள்ல ஒரு எழுத்து மாறாமலே. பிரிட்டன்ல பெரியவங்க தனித்தனியா எழுதுறதோட, 7 வயசுல இருந்து 15 வயசு வரைக்கும் இருக்குற பசங்களுக்கும் எளிமையான டைரி ஒண்ணு குடுக்குறாங்க. பாக்கெட் மணி எங்க போகுதுன்னு அப்பா அம்மாவுக்குத் தெரியாதுங்கிறத அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி.

"செலவு"ன்னா எது? வாங்கினதா, பயன்படுத்தினதா, பணம் குடுத்ததா?

இது ரொம்ப நல்ல கேள்வி, பாதி சர்வேயில இது தெளிவாவே இருக்காது. கடனுக்கு வாங்கின சாமான், இந்த மாசம் கட்டின போன மாசத்துப் பாக்கி, மாசத் தவணையில எடுத்த போன், சொந்த நிலத்துல வெளைஞ்சது, அரசு இலவசமா குடுத்தது, பக்கத்து வீட்டுல குடுத்தது. "எவ்வளவு வாங்கினீங்க"ன்னு கேட்டா வெளைஞ்சதும் இலவசமும் வராது. "எவ்வளவு சாப்பிட்டீங்க"ன்னு கேட்டா வரும், ஆனா அதுக்கு என்ன விலை போடுறதுன்னு அடுத்த தலைவலி. சொந்த வீட்டுல இருக்குறவங்களுக்கு வாடகையே இல்ல, அதனால அவங்க ஏழையா?

பதில் சொல்றவங்க மனசுல "செலவு"ன்னா கையவிட்டுப் போன காசு. தாள் எழுதினவங்க மனசுல நுகர்வு. இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற கணக்கெடுப்பாளர் தனக்குப் புரிஞ்ச மாதிரி வெளக்கம் குடுப்பாரு, ஆளுக்கு ஆள் வேற மாதிரி. பயிற்சியில அரை நாள் இதுக்கே ஒதுக்கணும்னு நான் எப்பவும் சண்டை போடுவேன்.

கேள்வி வரிசையால எதாவது மாறுமா?

மாறும். ரெண்டு விதமா அடுக்கலாம். "சட்டை வாங்கினீங்களா?" ஆமா. "எப்போ? எவ்வளவு? யாருக்கு?" அப்புறம் "செருப்பு வாங்கினீங்களா?" ஆமா. "எப்போ? எவ்வளவு?"... மூணாவது தடவையில எதிர்ல இருக்குறவங்களுக்குப் புரிஞ்சிடும், ஆமான்னு சொன்னா நாலு கேள்வி எக்ஸ்ட்ரா, இல்லைன்னா சீக்கிரம் விடுவாங்க. அதுக்கப்புறம் "இல்ல" மழையா பொழியும். இதுக்கு பதிலா முதல்ல எல்லாத்துக்கும் ஆமா, இல்லன்னு மட்டும் கேட்டு முடிச்சிட்டு அப்புறம் விவரத்துக்கு வந்தா ஆமா கூடுதலா வருது, சோதனை பண்ணியே பாத்திருக்காங்க. சொல்லப்போனா கணக்கெடுப்பாளரும் மனுஷன்தான், அவருக்கும் "இல்ல" வந்தா வீட்டுக்கு சீக்கிரம் போலாம்.

குடி, சிகரெட் செலவ யாராவது உண்மைய சொல்லுவாங்களா?

கொறச்சுத்தான் சொல்லுவாங்க. வரி வசூல், விற்பனைக் கணக்கோட ஒப்பிட்டா பெரும்பாலான நாடுகள்ல சர்வே கம்மியாத்தான் இருக்கும். பக்கத்துல மாமியார் உக்காந்திருந்தா இன்னும் கம்மி. தனியா இருக்குறப்போ, இல்ல அவங்களே எழுதுற மாதிரி கேட்டா கொஞ்சம் மேல்.

கிலோவா, கைப்பிடியா, கட்டா?

அவங்க எப்படி வாங்குறாங்களோ அப்படியே எழுதிக்கிட்டு, ஒரு கட்டு எத்தனை கிராம்னு தனியா நிறுத்து வெச்சுக்கணும். வீட்டம்மாவ கிலோவுக்கு மாத்தச் சொல்றது கொடுமை, அந்தக் கணக்க ஆபீஸ்ல உக்காந்து நாமதான் போடணும்.

தாள் தப்புன்னு தெரிஞ்சா மாத்திடலாம்ல? ஏன் தயங்குறாங்க?

மாத்தின அன்னைக்கே பழைய வருஷங்களோட தொடர்பு அறுந்துடும். தப்பான தராசா இருந்தாலும் அதே தராசுல வருஷா வருஷம் நிறுத்தா கூடுதா கொறயுதான்னு தெரியும் (அதுவும் தப்போட அளவு மாறாம இருந்தா மட்டும், வெளிய சாப்பிடுற விஷயத்துல அது மாறுதுன்னு மேலயே சொன்னேன்). சரியான தராசுக்கு மாறினா இன்னைக்கு எடை சரியா தெரியும், போன வருஷத்தோட ஒப்பிட முடியாது. இதுக்கு மரியாதையான ஒரே வழி, மாத்துற வருஷம் ரெண்டு தாளையும் குலுக்கல்ல பிரிச்சு ஓட்டுறது. காசு இல்ல நேரம் இல்லன்னு இத வெட்டுறவங்க பின்னாடி அஞ்சு வருஷம் விவாதம் பண்ணியே அந்த நேரத்த செலவழிப்பாங்க.

ரெண்டு வருஷ எண்ண பக்கத்துல வெச்சு ஒரு செய்தி வந்தா நான் என்ன பாக்கணும்?

தாள் ஒண்ணான்னு பாருங்க. ஒரு உதாரணம், இந்தியாவுல ஆளுக்கு மாசச் செலவு: 2011-12ல கிராமத்துல 1,430 ரூபா, நகரத்துல 2,630. 2022-23ல 3,773, 6,459. ரெண்டுமே கலவை ஞாபகக் காலம்தான், அதனால ஒப்பிடலாம்னு தோணும். ஆனா 2022-23ல ஐட்டம் எண்ணிக்கை 347ல இருந்து 405 ஆச்சு, ஒரே தடவை உக்காந்து கேக்குறதுக்கு பதிலா சாப்பாட்டுக்கு ஒரு தாள், அன்றாடப் பொருள், சேவைக்கு ஒண்ணு, பெரிய சாமானுக்கு ஒண்ணுன்னு மூணு மாசம் மூணு தடவை போனாங்க, பேப்பருக்கு பதிலா டேப்லெட். ஒவ்வொண்ணும் நல்ல மாற்றம்தான், நான் இருந்தாலும் பண்ணியிருப்பேன். ஆனா நீளப் பட்டியலும், அலுப்புத் தட்டாத சின்னச் சின்ன பேட்டியும் செலவ கூடுதலா வெளிய கொண்டு வரும்னு மேல பாத்தோம். அந்தக் கூடுதல்ல எவ்வளவு விலைவாசி, எவ்வளவு நிஜ முன்னேற்றம், எவ்வளவு தாளுங்கிறத இந்த நாலு எண்ண மட்டும் வெச்சு பிரிக்க முடியாது. விலைவாசிய கழிச்சுடலாம், அதுக்கு குறியீடு இருக்கு. தாள கழிக்க குறியீடு கெடயாது.

அப்புறம் எந்த மாசத்துல கேட்டாங்கன்னும் ஒரு கண்ணு வைங்க. வருஷம் முழுக்கப் பரவலா கேட்டத, ரெண்டு மாசத்துல அவசரமா முடிச்சதோட ஒப்பிட்டா பண்டிகை, அறுவடை, ஸ்கூல் தொறக்குற மாசம் எல்லாம் சேந்து கொழப்பும்.

இப்போதான் எல்லாரும் போன்லயே பணம் அனுப்புறாங்களே, அந்த ரெக்கார்ட வாங்கிட்டா கேள்வியே வேண்டாமே?

நானும் ஆசையா பாத்துட்டு இருக்கேன். ஆனா அந்த ரெக்கார்டுல எவ்வளவு, எப்போ, யாருக்குன்னுதான் இருக்கும், எதுக்குன்னு இருக்காது. கடைக்கு அனுப்பின ஒரு தொகையில சோப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு? தம்பிக்கு அனுப்பினது கடனா, பரிசா, நேத்து சாப்பிட்ட பில்லுல பங்கா? ரொக்கமா எடுத்தது எங்க போச்சு? ரெக்கார்ட குடுக்க சம்மதிக்கிறவங்களும் எல்லா வீட்டுக்கும் மாதிரி ஆக மாட்டாங்க. கடைசியில என்ன ஆகும்னா, அந்தப் பட்டியல அவங்க முன்னாடி வெச்சு ஒவ்வொரு வரியா "இது எதுக்குங்க?"ன்னு கேப்போம், அவங்க கொஞ்ச நேரம் முழிச்சிட்டு உள்ள இருக்குறவர கூப்பிடுவாங்க.